சோறு ஆறும்வரை காத்திருந்த வீடு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அண்ணனின் முகம் நினைவுக்கு வருவதற்கு முன்னால் அவருடைய குரல்தான் வரும். மாத்தளை பஸ் நிலையத்தில் நின்றவர்களுக்கும் எங்கள் கோவிலில் ஞாயிறு பூசை கண்டவர்களுக்கும் அந்தக் குரல் தெரியும். அதைப் பற்றி எழுதும்படிதான் எல்லோரும் என்னிடம் கேட்டுக்கொண்டீர்கள். நான் எழுதப்போவதோ அந்தக் குரல் போன பிறகு அண்ணன் வாழ்ந்த ஒரு வருடத்தைப் பற்றி. சொன்ன பேச்சைக் கேட்கிற தங்கச்சி எனக்கு வாய்க்கவில்லை என்று அண்ணனே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். ஆகவே யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முறைப்படி தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் அண்ணன் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவர் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு அப்பா காலமானார். அண்ணன் பெறுபேறு வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. மாத்தளைக்கு இறங்கி வந்து பஸ்ஸில் கொண்டக்டராக ஏறினார். அலுவிகாரையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து அம்மாவையும் என்னையும் கூட்டி வந்தார். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தார். என்னைத் தையல் படிக்க வைத்து மெசினும் வாங்கிக் கொடுத்தார். அந்த வீட்டின் முன்னறைதான் இன்றைக்கும் என் தையல் கடை. பின்னால் நடக்கிற எதுவும் என் காதுக்குத் தப்பாது.

அண்ணனின் பஸ் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில் ஓடியது. வழியில் உள்ள ஊர்களையெல்லாம் அவர் ராகம் போட்டுக் கூப்பிடுவார். அண்ணி நாவுலக்காரர். அப்போது மாத்தளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டு தினமும் அதே பஸ்ஸில் வந்து போனார். மற்ற ஊர்களை இரண்டு தரம் கூப்பிடுகிறவர் நாவுலவை மட்டும் விட மனமில்லாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார் என்பதை முதலில் கவனித்தவர் சாரதி. பிறகு பஸ் முழுக்கக் கவனித்தது. கடைசியில்தான் தனக்குத் தெரிய வந்தது என்று அண்ணி இன்றைக்கும் சொல்கிறார். நான் நம்பவில்லை.

இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஜெரோம், இளையவள் ஷெரோமி. ஷெரோமி முதலாம் தரத்தில் இருந்தபோது அண்ணனின் தொண்டை கம்மியது. கத்திக் கத்தித்தான் இப்படி என்று நாங்கள் மிளகு ரசமும் கொத்தமல்லியும் வைத்துக் கொடுத்தோம். கோவில் பாடகர் குழுவில் அவர் பாடிய மேல் சுருதிக்கு வேறு ஆள் போட்டார்கள். கண்டியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, குரல்வளையில் புற்று, அதை எடுத்தாக வேண்டும், எடுத்தால் இனிப் பேச முடியாது, கழுத்தில் வைக்கும் துவாரம் வழியாகத்தான் மூச்சு என்று சொன்னார். எடுத்தால் பிள்ளைகள் வளரும்வரை இருப்பேனா என்று அண்ணன் கேட்டார். அந்த உறுதியைத் தன்னால் தர முடியாது, எடுக்காவிட்டால் நம்பிக்கையே இல்லை என்றார் டாக்டர். எடுத்துவிடுங்கள் என்றார் அண்ணன். அதைச் சொல்லும்போது அவர் வேறு பக்கம் பார்க்கவில்லை என்று அண்ணி சொன்னார்.

சத்திரசிகிச்சை முடிந்து நத்தார் பண்டிகைக்கு முன்னால் வீட்டுக்கு வந்தார். வரும்போது சிரித்துக்கொண்டுதான் வந்தார். சத்தமில்லாத அந்தச் சிரிப்பைப் பார்த்து நாங்கள்தான் அழுதோம்.

ஷெரோமி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது வாங்கிய சிலேட் ஒன்று அலமாரிக்கு மேல் கிடந்தது. அண்ணன் அதை எடுத்து ஒரு நாடா கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். தூசி மூச்சுத் துவாரத்துக்குள் போகக் கூடாது என்று தாதி சொல்லியிருந்ததால் ஈரத் துணி ஒன்றும் கூடவே இருந்தது. எழுதுவார், காட்டுவார், துடைப்பார். ஜெரோம் போனில் ஏதோ ஒன்றை இறக்கிக் கொடுத்தான். எழுத்தைத் தட்டினால் அது தமிழில் பேசும். அண்ணன் ஆசையாகத் தட்டினார். போனுக்குள்ளிருந்து ஒரு பெண்மணி, வானொலியில் செய்தி வாசிக்கிற தோரணையில், "ஜெரோம், மீனுக்குத் தண்ணீர் மாற்றினாயா" என்று கேட்டார். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கு சிலேட்டே போதும்.

அந்த முதல் வாரங்களில் நாங்கள் செய்த கூத்தையும் சொல்ல வேண்டும். அண்ணனுக்குப் பேச்சுத்தான் போனதே தவிர காது போகவில்லை. அது எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் சிலேட்டில் எழுதிக் காட்டினால், அண்ணி அதை வாங்கி, கீழே பதிலை எழுதித் திருப்பிக் கொடுப்பார். நானும் அப்படித்தான். பக்கத்து வீட்டு நந்தா அக்கா இன்னும் மேலே போய், சிங்களத்தில் சத்தம் போட்டு, கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார். அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து, "எனக்குக் காது கேக்கும். உங்களுக்கு வாய் இருக்கு. பேசித் தொலைங்க" என்று எழுதினார். நந்தா அக்காவுக்காக அதையே சிங்களத்திலும் எழுதினார்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கியது. அண்ணி நாலந்தப் பக்கம் ஒரு வாசனைத் தோட்டத்துக் கடையில் வேலைக்குப் போனார். அண்ணன் வீட்டைப் பார்த்துக்கொண்டார். ஜெரோம் ஆறாம் தரம். ஷெரோமி இரண்டாம் தரம். அவளுக்கு எழுத்து ஏறவே இல்லை. அப்பாவின் ஆஸ்பத்திரி அலைச்சலில் முதலாம் வருடம் அப்படியே கழிந்துவிட்டது. பிள்ளை எழுத்துகளைக் கூட்டி வாசிக்கிறாளில்லை, வீட்டில் கவனியுங்கள் என்று வகுப்பு டீச்சர் சொல்லி அனுப்பினார்.

இதன் பாரம் என்னவென்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் அண்ணன் பேசுவது தெரிந்தது, அவளைத் தவிர. அவளுடைய அப்பா அவளிடம் மட்டும் ஊமையாக இருந்தார். அவர் எழுதிக் காட்டினால் அவள் ஜெரோமின் முகத்தைப் பார்ப்பாள். அவன் வாசித்துச் சொல்வான்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் அண்ணன் ஜெரோமுக்கு எழுதினார்: "இனி நீ வாசிக்காத. அவ வாசிக்கட்டும்." பிறகு துடைத்துவிட்டு ஷெரோமியின் பக்கம் திருப்பி வேறொன்று எழுதினார். அவள் வாசித்து முடிக்கும்வரை யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது என்று சைகை காட்டினார். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுத் தடுமாறினாள். ஜெரோம் வாயைப் பொத்திக்கொண்டான். கறியில் ஆவி அடங்கியது. கடைசியில் "பருப்பு கொண்டா" என்று வந்தபோது பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். ஆனாலும் எழுந்து போய்ப் பருப்பைக் கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சூடாகச் சாப்பிட்டதில்லை. அண்ணி பொறுத்துப் பார்த்துவிட்டு வெடித்தார். "புள்ளைய அழ வச்சு என்னத்தப் படிப்பிக்கிறீங்க? அதுக்குத்தான் டீச்சர் இருக்காங்களே" என்றார். நானும் அண்ணியின் பக்கம்தான். மறுநாள் பிள்ளைகள் போன பிறகு அண்ணனிடம் பஞ்சாயத்துக்குப் போனேன். படிப்பு மெதுவாக வரட்டும், இப்போது பிள்ளையைப் போட்டு வாட்ட வேண்டாம் என்றேன். அண்ணன் சிலேட்டை எடுத்து நிதானமாக எழுதினார்.

"வேற யாரும் வாசிச்சா அவளுக்கு அவங்க சத்தம்தான் கேக்கும். அவளே வாசிச்சாத்தான் நான் பேசின மாதிரி இருக்கும்."

நான் முன்னறைக்குப் போய் மெசினில் உட்கார்ந்தேன். அன்றிரவு நானும் சோற்றில் கை வைக்காமல் காத்திருந்தேன்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் நடந்தவை எல்லாம் சாதாரண விஷயங்கள்தான். ஆனால் இப்போது நினைத்தால் அவ்வளவும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அண்ணன் சமைத்தார். கழுத்து வழியாக மூச்சு விடுகிறவருக்கு மூக்கில் வாசனை பிடிபடாது என்பதை நாங்கள் பருப்பு அடிப்பிடித்துக் கருகிய பிறகுதான் தெரிந்துகொண்டோம். அதன் பிறகு அடுப்பை மோந்து பார்ப்பது ஜெரோமின் வேலை. அவனோ தன் மீன்களோடே கிடப்பான். பழுதாய்ப் போன குளிர்சாதனப் பெட்டியொன்றைப் பின்முற்றத்தில் மல்லாக்கப் போட்டுத் தண்ணீர் நிரப்பிக் கப்பி மீன் வளர்த்தான். "அடிப்பிடிக்குது, அப்பா" என்று அங்கிருந்தே சத்தம் வரும். அண்ணன் ஓடி வந்து சட்டியை இறக்குவார். பிறகு தகப்பனும் மகனும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மீன் குஞ்சுகளைப் பார்ப்பார்கள். அங்கே சிலேட் தேவைப்படவில்லை.

கழுத்துத் துவாரத்தை மூடிக்கொள்ள நான் சின்னத் துணிகள் தைத்துக் கொடுத்தேன். சீருடை வெட்டியதில் மிஞ்சும் வெள்ளைத் துண்டுகள் அதற்குத் தோதாக இருந்தன. உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய தபசு காலம் தொடங்கியதும் அண்ணன் வந்து, "பங்குச் சுவாமியே ஊதா உடுத்துறாரு. எனக்கு ஒண்ணு ஊதாவில தச்சுக் குடு" என்று எழுதினார். தைத்துக் கொடுத்தேன். பூசையில் அதைக் கட்டிக்கொண்டு, பாடகர் குழுவின் பழைய இடத்திலேயே போய் நின்றார். எல்லோரும் பாடினார்கள். அவர் வாயை அசைத்துத் தொடையில் தாளம் போட்டார். வெட்கப்படவே இல்லை. வாய் இருந்தும் பாடாமல் நின்றவர்கள் அன்று பாடத் தொடங்கினார்கள்.

எந்த நாளில் என்று தெரியாது, ஷெரோமிக்கு வாசிப்பு வந்துவிட்டது. இரண்டாம் தவணை நடுவில் இருக்க வேண்டும். வந்ததும் வந்தது, எங்கள் மானம் போயிற்று. அவளுக்குச் சத்தமாக மட்டும்தான் வாசிக்கத் தெரியும். சிலேட்டில் எதைக் கண்டாலும் நின்ற இடத்தில் கூவுவாள். என்னிடம் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பெண் நின்றுகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து, "அத்தையோட வாய்க்கு ஒரு பூட்டு தைக்கச் சொல்லு" என்று கணீரென்று கேட்டது. இன்னொரு நாள் அண்ணி வேலைக்குக் கிளம்பும்போது அண்ணன் ரகசியமாக எழுதிக் காட்டியதை இடையில் புகுந்து, "இந்தச் சாரியில நீ கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்க" என்று நந்தா அக்கா வீடு வரைக்கும் கேட்க வாசித்தாள். அண்ணி அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட்டார். அண்ணனால் எங்கள் வீட்டில் எதையும் ஒளித்துப் பேச முடியாதபடி ஆகிவிட்டது. அவருக்கு அதில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆகஸ்ட் விடுமுறையில் நாவுலவுக்கு அண்ணியின் வீட்டுக்குப் போனோம். அண்ணன் வேலை செய்த அதே பஸ். அதே சாரதி. அண்ணனைக் கண்டதும் அவர் இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. புது கொண்டக்டர் வெட்கப்படுகிற பையன், வாய் திறந்து கூப்பிட மாட்டான். ஷெரோமி அண்ணனின் மடியில் ஜன்னலோரம் இருந்தாள். பலாபத்வல வந்தது. அவள் பெயர்ப் பலகையைப் பார்த்துச் சத்தமாக வாசித்தாள். இரண்டு பேர் எழுந்து இறங்கினார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தான் வாசித்ததும் ஆட்கள் இறங்குகிறார்கள். அதன் பிறகு ஒரு பலகையையும் விடவில்லை. மடவல என்றாள். நாலந்த என்றாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நாவுல வந்ததும், "நாவுல, நாவுல, நாவுல" என்று விடாமல் கூப்பிட்டாள்.

அண்ணிக்கும் அண்ணனுக்கும் நடந்த கதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அண்ணன் மகளின் உச்சந்தலையில் நாடியை ஊன்றிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பெரிய தேர், பெரிய மலை எல்லாம் பார்த்திருக்கிறேன். அந்த பஸ்ஸில் எனக்கு உடம்பு சிலிர்த்த மாதிரி எங்கேயும் சிலிர்த்ததில்லை. கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

மூன்றாம் தவணை அறிக்கையில் டீச்சர் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார். வாசிப்பு மிக நன்று. ஆனால் வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கு இடைஞ்சலாக இருப்பதால், மனதுக்குள் வாசிக்கப் பழக வேண்டும். அண்ணி அதைச் சொன்னபோது அண்ணன் சிலேட்டில், "அவ ஏன் மனசுக்குள்ள வாசிக்கணும்?" என்று எழுதி, அதையும் அவளிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னார்.

மழை தொடங்கியபோது அண்ணனுக்கு இருமல் வந்தது. கண்டிக்குப் போனோம். நோய் நெஞ்சுக்குப் போய்விட்டது என்றும் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். அண்ணன் அவர்களைக் கும்பிட்டுவிட்டு வந்தார். வந்ததும் நத்தார் பாலன் குடிலுக்காக ஒரு தட்டில் மண் போட்டு நெல் தூவினார். எழுந்து நடக்க முடியாமல் போனபோதும் கட்டிலுக்குப் பக்கத்தில் தட்டை வைத்துத் தண்ணீர் தெளித்தார். குடிலுக்குள் குளம் வைத்து அதில் தன் மீனை விடுவேன் என்று ஜெரோம் பிடிவாதம் பிடித்தான். பெத்லகேமில் கப்பி மீன் இருந்ததா என்று நான் கேட்டேன். "விடட்டும். குழந்தை பாக்கும்" என்று அண்ணன் எழுதினார். விட்டான். எங்கள் குடிலைப் பார்க்க வந்த பிள்ளைகள் எல்லாம் பாலனை விட்டுவிட்டு மீனைத்தான் பார்த்தார்கள்.

புது வருடம் பிறந்து சில நாளில், ஒரு காலை நேரம். அண்ணனுக்குக் கையில் பலம் இல்லை. நான் தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன். ஷெரோமியைக் கூப்பிடும்படி சைகை செய்தார். அவள் வந்து கட்டிலில் ஏறி இருந்தாள். அண்ணன் சிலேட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். நெடுநேரம் எடுத்தது. இரண்டு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினார். முழுச் சிலேட்டும் நிறைந்தது. அதை அவளிடம் கொடுத்தார்.

நான் காத்துக்கொண்டு நின்றேன். இப்போது வாசிப்பாள், நமக்கும் கேட்கும் என்று நின்றேன். வாசலில் அண்ணியும் ஜெரோமும் வந்து நின்றார்கள். ஷெரோமியின் கண் மேலேயிருந்து கீழே வந்தது. திரும்பவும் மேலே போய்க் கீழே வந்தது. உதடு அசையவில்லை. அவள் முடித்துவிட்டு அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு ஈரத் துணியை எடுத்துச் சிலேட்டைத் தானே துடைத்தாள். ஓரங்களையும் துடைத்தாள்.

மூவரசர் திருநாள் முடிந்த அந்த வாரத்தில் அண்ணன் அமைதியாகக் கண் மூடினார்.

அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்மாருக்கும், தாதிமாருக்கும், வீடு தேடி வந்து நற்கருணை நன்மை கொடுத்த பங்குச் சுவாமிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றியைச் சொல்கிறேன். வேலை இல்லாத வருடத்திலும் அரிசி மூட்டையோடு வந்து நின்ற பஸ் முதலாளி ஐயாவுக்கும், அடக்கத்தன்று பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தோளில் சுமந்த சாரதிக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் தன் அடுப்பை எங்களுக்காக எரித்த நந்தா அக்காவுக்கும், பிள்ளை சத்தமாக வாசிப்பதைப் பொறுத்துக்கொண்ட டீச்சருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். யாருடைய பெயராவது விடுபட்டிருந்தால் அது என் கையின் குற்றம், மனதின் குற்றமல்ல. இன்று ஆண்டுப் பூசையில் முதல் வாசகத்தை ஷெரோமி வாசிக்கிறாள். பிறகு வீட்டுக்கு வந்து எங்களோடு சாப்பிட்டுப் போக வேண்டும். சாப்பாட்டுச் செபத்தை அவள் வாசித்து முடிக்கும்வரை தயவுசெய்து சோற்றில் கை வைக்காதீர்கள். எங்கள் வீட்டு வழக்கம் அது.

இந்த மலரை எழுத உட்கார்ந்தபோது, அந்தக் காலையில் அப்பா எழுதியதை இதில் போடலாமா என்று ஷெரோமியிடம் கேட்டேன். ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்த கேள்வி அது. அவள் முடியாது என்று தலையாட்டினாள். அது அவளுக்குச் சொன்னது. சரி என்று விட்டுவிட்டேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் ஊருக்குக் கேட்கிற மாதிரி வாசிக்கிறவள் அன்றைக்கு மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

அவள் என் மெசினுக்குப் பக்கத்தில் நின்று வெட்டுத் துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"வாயத் தொறந்தா என் சத்தம்தான் கேக்கும் அத்தை. மனசுக்குள்ள வாசிச்சேனா, அப்பா சத்தம் கேட்டுச்சு."